பூஜ்யத்துக்குப் பெயர் இல்லை

சென்ற ஆண்டு ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு நண்பன் கூப்பிட்டான். அச்சகம் நடத்துகிறவன். ஆர்டர், பில், கணக்கு எல்லாம் பின்னறையில் ஓடும் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. சாயங்காலத்திலிருந்து பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் நான்கு வெளியூர் போயாக வேண்டும். பில் இல்லாமல் லாரியில் ஏற்றமாட்டார்கள். மென்பொருளை விற்ற நிறுவனத்தின் சப்போர்ட் பையன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "சார், ரூட் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க. நான் உள்ள போய்ப் பாத்துடறேன்."

"அனுப்பிடவாடா?" என்று கேட்டான் நண்பன்.

கொஞ்சம் பொறு என்றேன். அந்தப் பையன் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகாமல் வேறொருவருடைய சிக்கலுக்காக உட்கார்ந்திருந்தவன் அவன். நான் தயங்கியது வேறொரு காரணத்துக்காக. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குள் யார் நுழைந்தாலும், நுழைந்த கணத்திலிருந்து அவர் யார் என்பது, லினக்ஸ் அடியொற்றி வந்த யூனிக்ஸுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நண்பன் நுழைந்தாலும் ரூட், பையன் நுழைந்தாலும் ரூட், அந்த வாட்ஸ்அப் செய்தியை ஆறு மாதம் கழித்து எவனாவது எடுத்துப் படித்துவிட்டு நுழைந்தாலும் ரூட்.

இது 1969-ல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் குணம். யூனிக்ஸுக்கு மனிதர்களின் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. நாம் திரையில் காணும் பெயர்கள் எல்லாம் 'பாஸ்வட்' என்ற கோப்பில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வைத்த குறிப்புகள். ஒரு கோப்பைத் திறக்கக் கேட்டால், கேட்டவரின் எண்ணையும் கோப்பின் உரிமையாளர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் அனுமதி தரும். கேட்டவரின் எண் 0 என்றால் ஒப்பீடே கிடையாது, வழி விட்டுவிடும். ரூட் என்ற பெயரில் மந்திரம் எதுவும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ரூட்டின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'டூர்' என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. அதன் எண்ணும் 0 என்பதால் அதிகாரமும் அச்சாக அதேதான். இன்றைய லினக்ஸ் இந்த அதிகாரத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தாலும், 0 உள்ளே வரும்போது வழக்கமாக எல்லாத் துண்டுகளும் சேர்ந்தே வருகின்றன.

ஒரே இடத்தில் வேலை பார்த்த, ஒருவரையொருவர் நன்றாக அறிந்த சிலருக்காகக் கட்டிய வீடு யூனிக்ஸ். அங்கே அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. முன்பின் பார்த்திராத ஒருவரை, நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை, ராத்திரியில் உள்ளே விட வேண்டும் என்கிறபோதுதான் இடிக்கிறது.

"வேலை முடிஞ்சதும் பாஸ்வேர்டை மாத்திட்டாப் போச்சு" என்பான் நண்பன் என்று எனக்குத் தெரியும். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் பூஜ்யத்தின் அதிகாரம் ஒரு நிமிடம் கையில் இருந்தவர், விரும்பினால், அடுத்த முறை பாஸ்வேர்டே தேவைப்படாத வழியை விட்டுவிட்டுப் போகலாம். புதிதாக 0 எண்ணுள்ள இன்னொரு கணக்கு, தினம் ராத்திரி தானே ஓடும் ஒரு சிறு நிரல், தன் சாவி ஒன்று என்று எதை வேண்டுமானாலும். அதைச் செய்த தடயத்தைப் பதிவேட்டிலிருந்து அழிக்கவும் அவரால் முடியும், ஏனென்றால் பதிவேட்டுக்கும் அதே 0 தான் எஜமானர். தாம்ப்சனே டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் (1984-ல் அச்சானது) இதன் உச்சத்தைக் காட்டினார். நிரல்களை உருவாக்கும் கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியைப் புகுத்திவிட்டால், மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் படாது. அதே கம்பைலரால் கட்டப்படும் அடுத்த கம்பைலருக்கும் அது தானாகவே தொற்றிக்கொள்ளும். கொடுத்த ரூட்டை முழுவதுமாகத் திரும்ப வாங்க முடியாது. கொடுப்பதற்கு முன்பு யோசிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிப்பேருக்கு வந்தவருக்காகத் திறந்துவைத்த கதவு என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி 1986-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துபோனதால் அங்கே கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குத் துறைகளிடம் காசு வசூலிக்கும் கணக்கில் 75 சென்ட் இடித்தது. யாரோ சில விநாடி நேரம் காசு கொடுக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். விட்டுவிடலாம் என்று தோன்றக்கூடிய தொகை. ஸ்டோல் விடவில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைக் கடன் வாங்கிக் கோத்துவிட்டு, வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் எடுத்தார்.

வந்தவன் பூஜ்யமாக மாறிய வழி சுவாரசியமானது. யூனிக்ஸில் டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த 'செட்யுஐடி' என்றொரு ஏற்பாடு உண்டு; அதற்கு 1979-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. வங்கியில் நாம் பெட்டக அறைக்குள் போவதில்லை. கவுன்ட்டரில் சீட்டை நீட்டினால் காசாளர் போய் எடுத்து வருகிறார். அதுபோலச் சாதாரணப் பயனர் ஓட்டினாலும், தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் நிரல் அது. நம் பாஸ்வேர்டை நாமே மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். ஆய்வகத்தில் நிறுவியிருந்த ஈமேக்ஸ் எடிட்டரோடு வந்த, அஞ்சலை இடம் மாற்றும் ஒரு சிறு நிரலுக்கு இப்படி ரூட் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். அது எதை எங்கே நகர்த்துகிறோம் என்று சோதிக்கவில்லை. கணினியே நம்பி ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கோப்பின் இடத்தில் தன் கோப்பை வைக்கச் சொன்னான் வந்தவன். அது வைத்துக் கொடுத்தது.

அங்கிருந்து அவன் வலைப்பின்னல் வழியாக ஏறக்குறைய 450 கணினிகளின் கதவைத் தட்டினான். முப்பதுக்கும் மேற்பட்டவை திறந்தன. பெரிய தந்திரம் எதுவும் பல இடங்களில் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து வேக்ஸ் கணினிகளில் ஓடிய விஎம்எஸ் இயங்குதளத்தை நிறுவும்போதே சில கணக்குகள் கூடவே வரும். அதில் ஒன்றின் பெயர் 'ஃபீல்ட்', பாஸ்வேர்ட் 'சர்வீஸ்'. உற்பத்தியாளர் அனுப்பும் பழுதுபார்க்கும் பொறியாளர் வந்தால் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கான கணக்கு. வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் வைத்தது. பொறியாளர் வந்து போய்விட்டார், கணக்கு அப்படியே இருந்தது. உலகத்தில் உள்ள எல்லா இடங்களிலும் அதே பெயர், அதே சொல். ஹனோவரில் உட்கார்ந்திருந்த மார்கஸ் ஹெஸ் என்ற இளைஞன் ஃபீல்ட் என்று தட்டியபோது, அந்தக் கணினிகளைப் பொறுத்தவரை சர்வீஸ்காரர் வந்திருக்கிறார். அவன் எடுத்தவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன. 1990-ல் ஜெர்மன் நீதிமன்றம் அவனைத் தண்டித்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஃபீல்ட் என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை, வேலையின் பெயர். வேலையின் பெயரில் சாவி வைத்தால், அந்த வேலையைச் செய்வதாகச் சொல்கிற எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். நண்பனின் ரூட் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நடந்திருக்கக்கூடியதும் அதுதான்.

சரி, ஆளின் பெயரோடு எப்படி உள்ளே விடுவது? அந்தக் கேள்விக்கான விடையின் முதல் பாதி பின்லாந்திலிருந்து வந்தது. அதற்கு முன்பெல்லாம் தூரத்துக் கணினிக்குள் நுழைய டெல்நெட், ஆர்லாகின் போன்றவைதான். டெல்நெட்டில் பாஸ்வேர்ட் கம்பியில் அம்மணமாகப் போகும். வழியில் எட்டிப் பார்த்தவர் படித்துக்கொள்ளலாம். ஆர்லாகின் குடும்பத்தில், 'இன்ன கணினியிலிருந்து வருபவரைக் கேள்வி கேட்காமல் விடு' என்று எழுதி வைக்கும் வசதியும் இருந்தது. 2 நவம்பர் 1988 அன்று ராபர்ட் மாரிஸ் இணையத்தில் விட்ட 'புழு' நிரல், பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளில் அந்த நம்பிக்கையும் ஒன்று.

1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ பாஸ்வேர்ட் உறிஞ்சும் நிரலை ஒளித்து வைத்திருந்தது தெரியவந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனென் அதைப் பார்த்துவிட்டு எழுதியதுதான் எஸ்எஸ்எச். டெல்நெட்டின் போர்ட் எண் 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21. இரண்டுக்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. இரண்டின் இடத்தையும் பிடிக்கப்போகும் நிரலுக்கு அது பொருத்தம் என்று நினைத்து, எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஜூலை 1995-ல் ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் ஏறக்குறைய 20,000 பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களில் ஓடும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழு அதன் பழைய பதிப்பொன்றிலிருந்து வளர்த்தெடுத்தது.

எஸ்எஸ்எச்சில் பேச்சு முழுதும் மறையாக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதன் சாவி முறை. 'பொதுச் சாவி' என்ற சொல் மக்களைக் குழப்புகிறது; அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். சப்போர்ட் பையன் தன் மடிக்கணினியில் ஒரு பூட்டையும் அதற்கான சாவியையும் சேர்த்தே உருவாக்குகிறான். சாவி அவனிடமே இருக்கிறது, ஒருபோதும் வெளியே வருவதில்லை. பூட்டை மட்டும் நமக்கு அனுப்புகிறான். நம் வாசலில் அதை மாட்டுகிறோம். அவன் வரும்போது சர்வர் அந்த இணைப்புக்கே உரிய ஒரு தரவின் மேல் அவனுடைய சாவியால் கையொப்பம் கேட்கிறது. கையொப்பம் சரிதானா என்று பூட்டைக் கொண்டே சோதிக்கிறது. பூட்டை யார் பார்த்தாலும் நஷ்டமில்லை, வாட்ஸ்அப்பில் தாராளமாக வரலாம். எட்25519 வகைப் பூட்டு 68 எழுத்துதான், ஒரே வரி. அது அவனுடையதுதானா என்பதை மட்டும் உறுதிசெய்ய வேண்டும். அதற்குக் கைரேகை என்று 43 எழுத்துச் சுருக்கம் இருக்கிறது. போனில் படிக்கச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இதனால் கிடைப்பது ஆளுக்கொரு பூட்டு. பத்துப் பேருக்குப் பத்து வரி. ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய வரியை அழித்தால் போதும், மற்ற ஒன்பது பேருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. வரியின் தலையிலேயே இன்ன முகவரியிலிருந்துதான் வரலாம், இன்ன தேதி வரைதான் செல்லும் என்றும் எழுதி வைக்கலாம்.

விடையின் இன்னொரு பாதி சூடூ. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் 1980 வாக்கில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் ஒரு வேக்ஸ் கணினிக்காக எழுதியது. நம் சொந்தப் பெயரில் உள்ளே வந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடூ என்று தட்டினால், அந்த ஒரு கட்டளை மட்டும் பூஜ்யத்தின் அதிகாரத்தில் ஓடும். யார், எந்த முனையத்திலிருந்து, எந்த அடைவில் நின்றுகொண்டு, என்ன கட்டளை கொடுத்தார் என்று ஒரு வரி பதிவாகும். முதன்முறை பயன்படுத்தும்போது அது ஒரு சிறு அறிவுரை சொல்லும்: பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டும் முன் யோசி, அதிகாரத்தோடு பொறுப்பும் வருகிறது என்ற பொருளில் மூன்று வரி. பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். கருவி ஒன்று தன்னைக் கையில் எடுப்பவரிடம் ஆளாகப் பேசுகிறது.

இன்ன கட்டளைகளை மட்டும் அனுமதி என்றும் சூடூவிடம் சொல்லலாம். இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்தவர்கள் அதிகம். பதிவேட்டைப் படிக்க மட்டும்தானே என்று 'லெஸ்' என்ற நிரலை ரூட்டாக ஓட்ட அனுமதிப்பார்கள். லெஸ்ஸுக்குள் ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி இன்னொரு கட்டளையை ஓட்ட முடியும். ரூட்டாக ஓடும் லெஸ்ஸிலிருந்து கிளம்புவதும் ரூட்தான். 'விஐ' எடிட்டரும் அப்படியே. ஜன்னலைத் திறந்துவிட்டதாக நினைத்துக் கதவைத் திறந்திருப்போம். சூடூவும் பிழையற்றதில்லை. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஓட்டை, சூடூ அனுமதியே இல்லாத பயனரையும் ரூட் ஆக்கிவிடக்கூடியது. அது 2011-லிருந்து யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

அன்று ராத்திரிக்குத் திரும்புகிறேன். நண்பனின் அச்சகத்துக்கு வெளியிலிருந்து நேராக வர முகவரி கிடையாது. இணைய சேவைக்காரர் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதனால் கதவை உள்ளிருந்து திறந்தோம். அவனுடைய சர்வர், நான் வாடகைக்கு வைத்திருக்கும் சிறு சர்வருக்கு எஸ்எஸ்எச்சில் இணைந்து, அதன் ஒரு போர்ட்டை எதிர்த்திசையில் தன்னிடம் திருப்பிவிட்டது. பையன் அந்தப் போர்ட் வழியாக வந்தால் அச்சகத்துக்குள் இறங்குவான். நண்பன் தன் இணைப்பைத் துண்டித்தால் வழியே இருக்காது. பையன் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு அவனுடைய பூட்டு, சூடூ அனுமதி. கணக்கை உருவாக்கி முடிக்க எட்டு நிமிடம் ஆனது. பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுதான் சார் எனக்கும் நல்லது, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணேன்னு இருக்கும்" என்றான். அந்தப் பதிவு அவனையும் காக்கிறது என்பதை நான் சொல்வதற்கு முன்பே புரிந்துவைத்திருந்தான்.

இன்னொன்றும் செய்தோம். டிமக்ஸ் என்ற நிரலில் ஒரே திரையில் மூவரும் சேர்ந்துகொண்டோம். அவன் தட்டுவது எழுத்து எழுத்தாக நண்பனுக்கும் எனக்கும் தெரிந்தது. பூஜ்யம் பதிவேட்டைத் திருத்தலாம்; பார்த்துக்கொண்டிருக்கும் கண்களைத் திருத்த முடியாது.

பார்த்ததில் நான் கற்றுக்கொண்டேன். டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது, அதனால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றிருந்தது. ஆனால் கோப்புகளின் அளவையெல்லாம் கூட்டினால் பாதிகூட வரவில்லை. பையன் அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "நேத்து ஏதாவது பெரிய ஃபைலை டெலிட் பண்ணீங்களா சார்?" என்று கேட்டான். நண்பன் முந்தைய நாள் இடமில்லை என்று பெரிய லாக் கோப்பு ஒன்றை அழித்திருந்தான். யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான். ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். பில்லிங் மென்பொருளின் ஒரு பகுதி அந்தப் பெயரில்லாத கோப்பில் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பையன் சூடூவோடு கொடுத்த கட்டளைகள் இரண்டு: யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியலிடும் ஒன்று, அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கும் ஒன்று. இடம் விடுபட்டது. பதினொன்றேகாலுக்கு பில் அடித்தான் நண்பன்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 29 மார்ச் 2024 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவியதில் கண்டுபிடித்ததை வெளியிட்டார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல்தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வழி ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. சில லினக்ஸ் வகைகளில் அது எஸ்எஸ்எச் சேவைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு குறிப்பிட்ட சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் பணியும். அதைப் புகுத்தியவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டாண்டுக்கு மேல் உண்மையான வேலை செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். பதிவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெயருக்குப் பின்னால் ஆள்தான் யாரென்று தெரியவில்லை. ஆகவே பெயர் இருந்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெயரோடு நாம் போனில் பேசியிருக்க வேண்டும், அது யாருக்காவது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

மறுநாள் லாரி போனபிறகு நண்பனோடு உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பையனின் கணக்கை அழிக்கவில்லை, பூட்டிவைத்தோம். அழித்தால் அவனுடைய எண் காலியாகும். நாளைக்குப் புதிதாக வரும் வேறொருவருக்கு அதே எண் போனால், அவன் விட்டுப்போன கோப்புகளெல்லாம் அவருடையவை ஆகிவிடும். அவனுடைய பூட்டின் வரியை எடுத்தோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும், நேரம் வைத்து ஓடுபவற்றையும் பார்த்தோம். கடைசியாக, ரூட் கணக்கின் வாசலிலேயே ஏதாவது பூட்டு தொங்குகிறதா என்று அந்தக் கோப்பைத் திறந்தேன்.

ஒரு வரி இருந்தது. கோப்பின் தேதி நான்கு ஆண்டுக்கு முந்தையது, சர்வர் வாங்கிய மாதம். ஒவ்வொரு பூட்டின் வரிக்கும் கடைசியில், அதை உருவாக்கியவரின் பயனர்பெயரும் கணினியின் பெயரும் ஒரு குறிப்பாக இருப்பது வழக்கம். நண்பன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான்: "ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்." லோக்கல்ஹோஸ்ட் என்பது எந்தக் கணினியும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பொதுப் பெயர்.

"யாருடா இது?" என்றான்.

அதை அழித்துவிட்டுச் சேமித்தேன்.